“மாந்தா இல்ல, மாந்தா!”: பிள்ளையின் காதும் நாக்கும்

கிருஷ்ணகிரிப் பக்கம் காவேரிப்பட்டணத்தில் என் அக்கா வீடு. மே மாதம் போனால் கூடம் முழுக்க மாங்காய் வாசம். போன வருடம் போயிருந்தபோது, அப்போது நாலு வயதான அக்கா மகன் ஒரு காயைத் தூக்கிக்கொண்டு வந்து “மாமா, மாந்தா!” என்றான். கொஞ்சலாக நானும் “ஓ, மாந்தாவா?” என்றேன். முகம் சுருங்கிவிட்டது. “மாந்தா இல்ல, மாந்தா!” நான் விடாமல் இன்னொரு தடவை “மாந்தா” என்றதும் காயைத் தரையில் போட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டான். “சரி சாமி, மாங்கா” என்ற பிறகுதான் அடங்கினான்.

என் வாயிலிருந்து வரும் ‘மாந்தா’ தப்பு என்று அவனுக்குத் தெரிகிறது. தன் வாயிலிருந்து வருவதும் அதே ‘மாந்தா’தான் என்று தெரியவில்லை. அவனைப் பொறுத்தவரை அவன் ‘மாங்கா’ என்றுதான் சொல்கிறான்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ, ராஜர் பிரவுன் என்ற இரு மொழி ஆய்வாளர்கள் 1960இல் இதே கதையை எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கே மாங்காய்க்குப் பதில் காற்றடைத்த பிளாஸ்டிக் மீன். குழந்தை அதை ‘ஃபிஸ்’ என்கிறது. “இது உன் ஃபிஸ்ஸா?” என்று பெரியவர் கேட்டால் இல்லை என்கிறது. “உன் ஃபிஷ்ஷா?” என்றால், “ஆமாம், என் ஃபிஸ்” என்கிறது. பேச்சு ஆய்வில் இன்றைக்கும் இதற்கு ‘ஃபிஸ் நிகழ்வு’ என்றுதான் பெயர். காவேரிப்பட்டணத்துக்காரன் என்ற முறையில் ‘மாந்தா நிகழ்வு’ என்று மாற்றிவிடலாம் என்பது என் கட்சி.

வயது தாண்டியும் பிள்ளை சில ஒலிகளைத் தப்பாகவே சொல்வதற்குப் பேச்சொலிக் குறைபாடு என்று பெயர். அதைப் புரிந்துகொள்ள இந்த மாங்காய் ஒன்றே போதும். குழந்தை ஓர் ஒலியைத் தப்பாகச் சொன்னால் நாம் உடனே பார்ப்பது வாயைத்தான். நாக்கு தடிப்பா, நாக்கு ஒட்டியிருக்கிறதா, சோம்பேறித்தனமா என்று கேட்கிறோம். ஆனால் பேச்சு வாயில் மட்டும் நடப்பதில்லை. பாதி காதில் நடக்கிறது. அந்தக் காதுக்கும் இரண்டு வேலை: அடுத்தவர் பேசுவதைக் கேட்பது, தன் பேச்சைத் தானே கேட்பது. இந்த இரண்டாவது வேலையை நாம் கண்டுகொள்வதே இல்லை.

வாயில் என்ன நடக்கிறது?

‘க’ சொல்லிப் பாருங்கள். நாக்கின் பின்பகுதி மேலெழும்பி, அண்ணத்தின் பின்புறத்தைத் தொட்டு, காற்றை ஒரு கணம் அடைத்துவிட்டுத் திறக்கிறது. ‘த’ சொன்னால் நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் போய் அதே வேலையைச் செய்கிறது. அடைப்பு, திறப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்; இடம்தான் வேறு. முன்னால் நடப்பது வெளியே தெரிகிறது, பின்னால் நடப்பது தெரிவதில்லை. அம்மா ‘த’ சொல்லும்போது நாக்கு நுனி பல்லிடுக்கில் எட்டிப் பார்க்கும். ‘க’ சொல்லும்போது பார்க்க எதுவும் இருக்காது.

அதனால் சிறு பிள்ளைகள் பலர் பின்னால் பிறக்கும் ஒலியை முன்னால் கொண்டுவந்துவிடுகிறார்கள். காக்கா ‘தாத்தா’ ஆகிவிடும். (அமாவாசைக்குச் சோறு வைத்துவிட்டுக் காக்காவைத் தாத்தா என்று கூப்பிட்டால் நம்மூர்க் கணக்கில் அது தப்பும் இல்லை.) ‘கண்ணு’ தண்ணு ஆகும், ‘கட்டு’ தட்டு ஆகும்.

மாங்காயை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். மாறியது ‘கா’ மட்டும் இல்லை. ‘ங்’ என்ற மூக்கொலியும் கூடவே முன்னால் வந்து ‘ந்’ ஆகிவிட்டது. க-வுக்கு முன்னால் ங், த-வுக்கு முன்னால் ந் என்ற தமிழ் முறையைப் பிள்ளை கொஞ்சமும் மீறவில்லை. அதாவது கண்டபடி உளறவில்லை, ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றுகிறான். விதிதான் வேறு. இப்படி ஒரே வகையான ஒலிகள் எல்லாம் கூட்டமாக மாறினால் அது நாக்கின் பலவீனம் என்பதைவிட, மனதுக்குள் ஒலிகளை அடுக்கிவைத்திருக்கும் முறையின் சிக்கல் என்றுதான் பேச்சுப் பயிற்சியாளர்கள் பார்ப்பார்கள். ‘ச’ ஒன்றை மட்டும் நாக்கை நீட்டிச் சொல்கிறான், மற்றதெல்லாம் சுத்தம் என்றால் அது உச்சரிப்புப் பழக்கம் சார்ந்தது. ஒரே சொல்லை மூன்று முறை கேட்டால் மூன்று விதமாகச் சொல்கிறான், சொல் நீள நீளத் தடுமாறுகிறான், வாய் இடம் தேடி அலைகிறது என்றால், மூளையிலிருந்து வாய்க்குப் போகும் கட்டளையைக் கோப்பதில் கோளாறு இருக்கலாம். மூன்றுக்கும் பயிற்சி வேறு வேறு.

எல்லா மழலையும் குறைபாடு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு, 2 வயதுப் பிள்ளையின் பேச்சில் சுமார் பாதியும், 3 வயதில் முக்காலும், 4 வயதில் ஏறக்குறைய முழுதும் புரிய வேண்டும் என்பது மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் ஒரு தோராயக் கணக்கு. புரிந்தால் போதும், ஒலி ஒவ்வொன்றும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 27 மொழிகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வந்த ஒரு தொகுப்பின்படி, மெய்யொலிகளில் பெரும்பாலானவை 5 வயதுக்குள் குழந்தைகளுக்கு வந்துவிடுகின்றன. ‘ழ’ கதை தனி. நம் பக்கம் பேச்சில் பெரியவர்களே பலர் ‘பளம்’ என்கிறோம். பிள்ளை கேட்டதைச் சொல்கிறான். அதற்காக அவனைக் கூட்டிக்கொண்டு எங்கேயும் ஓட வேண்டாம்.

காதில் என்ன நடக்கிறது?

ஒலி என்பது ஓடுகிற தண்ணீர் மாதிரி. அதில் இது க, இது த என்று கோடு கிழிப்பது நம் மூளை. அம்மா சொல்லும் ‘க’வும் தாத்தா சொல்லும் ‘க’வும் அலைவடிவத்தில் ஒன்றல்ல, சளி பிடித்தவர் சொல்வது இன்னும் வேறு. இருந்தும் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடுகிறோம். த-வோடு ஒட்டிக் கேட்கும் ஒலியை மட்டும் அடுத்த பெட்டிக்குத் தள்ளுகிறோம். இந்தப் பெட்டிகளைக் குழந்தை தன்னைச் சுற்றிக் கேட்கும் பேச்சிலிருந்து கட்டிக்கொள்கிறது.

எப்போது கட்டுகிறது? நாம் நினைப்பதைவிட ரொம்ப முன்னால். ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் கனடாவில் செய்து 1984இல் வெளியிட்ட ஆய்வு நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது, ஏனென்றால் அவர்கள் எடுத்துக்கொண்டது இந்தியின் ட, த வேறுபாடு. பட்டு, பத்து என்று நாம் தூக்கத்தில்கூடப் பிரித்துக் கேட்கும் அதே வேறுபாடு. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் இரண்டையும் பிரித்துக் கேட்டார்கள். 10 முதல் 12 மாதத்துக்குள் அவர்களில் பெரும்பாலோர் அந்தத் திறனை இழந்துவிட்டார்கள். காது மழுங்கவில்லை. வீட்டில் பயன்படாத கோட்டை மூளை அழித்துவிட்டது.

நாமும் அப்படிச் சில கோடுகளை அழித்தவர்கள்தான். ஓசூர்ப் பக்கம் போனால் இது நன்றாகத் தெரியும். கன்னடத்தில் ‘காளி’ என்று ‘காக்கா’வின் முதல் எழுத்தைப் போல அதிர்வில்லாமல் சொன்னால் அம்மன். அதையே ‘கங்கை’யின் முதல் எழுத்தைச் சொல்வதுபோல அதிர்வோடு சொன்னால் காற்று. தமிழில் எழுதினால் இரண்டும் காளிதான். தூய தமிழ்ச் சொற்களில் இந்த அதிர்வு பொருளை மாற்றுவதில்லை, அதனால் நமக்கு அங்கே கோடு தேவைப்படவில்லை. ஓசூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து கேட்டு வளரும் பிள்ளைக்கு அந்தக் கோடும் வேண்டும், நம் ல, ள, ர, ற கோடுகளும் வேண்டும். அது சுமை இல்லை. பல மொழி கேட்பதால் பேச்சொலிக் குறைபாடு வருவதில்லை. வீட்டில் தெலுங்கு பேசுவதை நிறுத்துங்கள் என்று யாராவது அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள். பரிசோதிக்கும்போது எல்லா மொழியிலும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே மாதிரித் தப்பு எல்லா மொழியிலும் வந்தால் குறைபாடாக இருக்கலாம். ஒரு மொழியில் மட்டும் வந்தால் மற்ற மொழியின் சாயல் என்றே முதலில் நினைக்க வேண்டும்.

பேச்சொலிக் குறைபாடு உள்ள குழந்தைகளில் பலருக்கு இந்தக் கோடு மங்கலாக இருக்கிறது. 2019இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் இப்படிப்பட்ட குழந்தைகள் எல்லாருக்குமோ சிலருக்கோ ஒலிகளைப் பிரித்துக் கேட்பதில் சிரமம் இருப்பது தெரிந்தது. ‘சிலருக்கோ’ என்பதை விட்டுவிடாதீர்கள். தப்பாகச் சொல்லும் எல்லாப் பிள்ளைகளும் தப்பாகக் கேட்பவர்கள் இல்லை. ஒரே பிள்ளைகூட ஓர் ஒலியைத் துல்லியமாகக் கேட்டு இன்னொன்றில் குழம்பலாம். இதைக் காது பரிசோதனைக் கருவி காட்டாது. ஒலி காதுக்குள் போகிறதா என்று அது சொல்லும். போன ஒலி எந்தப் பெட்டியில் விழுகிறது என்று சொல்லாது.

அதற்காகக் காது பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிட வேண்டாம், அதுதான் முதல் படி. வீட்டில் தட்டைத் தட்டிப் பார்த்துத் திரும்புகிறானே என்று திருப்திப்படுகிறோம். தட்டுச் சத்தம் பெரியது. ‘ச’வின் சீறல் மெல்லியது, உச்சமான அலைகளில் இருப்பது. அது மட்டும் கேட்காத பிள்ளையும் பெயரைக் கூப்பிட்டால் திரும்பும். அடிக்கடி சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் நன்றாகவும் ஒரு வாரம் மந்தமாகவும் கேட்கும். கோடு கிழிக்கும் வயதில் இது தொந்தரவு.

நடுவில் உள்ள பாலம்

இப்போது அக்கா மகனிடம் திரும்புவோம். அவனுக்குக் கோடு மங்கல் இல்லை, நான் ‘மாந்தா’ என்றதும் கண்டுபிடித்துவிட்டானே! அப்படியென்றால் தன் பேச்சில் ஏன் கண்டுபிடிக்கவில்லை?

பேசும்போது நம் குரலை நாம் அடுத்தவர் கேட்பதுபோலக் கேட்பதில்லை. பாதி ஒலி மண்டை எலும்பு வழியாக வருகிறது, வாட்ஸப்பில் சொந்தக் குரலைக் கேட்டு “இது நானா?” என்று எல்லாரும் திடுக்கிடுவது அதனால்தான். போதாததற்கு, பேசிக்கொண்டிருக்கும்போது மூளை தன் குரலுக்கான எதிர்வினையைக் கொஞ்சம் அடக்கியே வைக்கிறது. சொல்ல நினைத்தது என்னவோ அதுதான் காதிலும் விழுந்ததாகத் தோன்றுகிறது.

ஆனாலும் பெரியவர்களின் காது ஒரு காவல்காரன் மாதிரி ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. 1998இல் ஜான் ஹூட், மைக்கேல் ஜோர்டன் (கூடைப்பந்து ஜோர்டன் இல்லை) இருவரும் ஒரு வேடிக்கை செய்தார்கள். ஆள் சொல்லும் உயிரொலியைக் கருவியால் அந்தக் கணமே கொஞ்சம் மாற்றி, ஹெட்போன் வழியாக அவர் காதுக்கே அனுப்பினார்கள். மாறியது கேட்டதும் அவர் வாய் எதிர்த்திசையில் தன்னைச் சரிசெய்துகொண்டது, அவர் அறியாமலேயே. இதே போன்ற சோதனையை வேறு ஆய்வாளர்கள் குழந்தைகளிடம் செய்து 2012இல் வெளியிட்டார்கள். 4 வயதுக் குழந்தைகள் பெரியவர்களைப் போலவே திருத்திக்கொண்டார்கள். 2 வயதுக் குழந்தைகள் திருத்திக்கொள்ளவில்லை. அந்தக் காவல்காரன் பிறக்கும்போதே வேலைக்கு வருவதில்லை, பிறகு வந்து சேர்கிறான்.

என் அக்கா மகனுக்கு அவன் கொஞ்சம் தாமதமாக வருகிறான், அவ்வளவுதான். பிள்ளை சொல்லும் ‘தட்டு’ இரண்டும் நமக்கு ஒன்றாகக் கேட்டாலும், கருவியில் அளந்தால் கட்டுவதைச் சொல்லும் ‘தட்டு’வுக்கும் தட்டுவதைச் சொல்லும் ‘தட்டு’வுக்கும் இடையே ஒரு மெல்லிய வித்தியாசம் சில குழந்தைகளிடம் இருக்கும். அவன் வித்தியாசம் காட்டத்தான் செய்கிறான். நம் காதில் விழும் அளவுக்கு இல்லை. “மாந்தா இல்ல, மாந்தா!” என்று அவன் கத்தியதில் நியாயம் இருந்திருக்கலாம்.

சரி, என்ன செய்வது?

எங்கள் வீட்டில் முதலில் நடந்தது, “சரியா சொல்லு, மாங்… கா” என்ற நச்சரிப்பு. சரியாகத்தான் சொல்கிறோம் என்று நம்புகிறவனிடம் சரியாகச் சொல் என்றால் அவன் என்ன செய்வான்? அப்புறம் ஆயா வசம்பைச் சுட்டு நாக்கில் தடவலாம் என்றார். வசம்பு உள்ளே போனால் சில பிள்ளைகளுக்கு வாந்திதான் வரும், ககரம் வராது. பக்கத்து வீட்டில் நாக்கின் அடிச்சவ்வை வெட்டினால் சரியாகும் என்றார்கள். அந்தச் சவ்வு கட்டிவைப்பது நாக்கு நுனியை. ‘க’ பிறப்பது நாக்கின் பின்பகுதியில். நுனியை எவ்வளவு விடுவித்தாலும் காக்கா தாத்தாவாகத்தான் இருக்கும்.

பேச்சுப் பயிற்சியாளர் முதலில் கையில் எடுத்தது காதை. சூசன் ரவாச்சூ என்ற கனடா ஆய்வாளர் 1994இல் ‘ஷ’ சொல்ல வராத சிறு பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து ஒரு சோதனை செய்தார். வாய்ப் பயிற்சி எல்லாருக்கும் உண்டு. கூடவே ஒரு குழு, பலர் சொன்ன ‘ஷூ’க்களில் சரியானதையும் கோணலானதையும் கேட்டுப் பிரித்தது. இன்னொன்று ‘ஷூ’வையும் ‘மூ’வையும் கேட்டது. மூன்றாவது குழு சம்பந்தமே இல்லாத சொற்களைக் கேட்டது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் முதல் இரண்டு குழுவும் ‘ஷ’ சொல்வதில் மூன்றாவதை முந்தியிருந்தன. காதுக்குக் கொடுத்த பயிற்சி வாயில் பலித்தது.

இதை வீட்டுக்குக் கொண்டுவருவது கஷ்டமில்லை. ஒரு கயிறும் ஒரு டப்பாவும் வைத்துக்கொண்டு “கட்டு” என்றால் கட்ட வேண்டும், “தட்டு” என்றால் தட்ட வேண்டும். முதலில் பிள்ளை பேசவே வேண்டாம், கேட்டுச் செய்தால் போதும். ஆயா ஒரு தடவை, அப்பா ஒரு தடவை, பக்கத்து வீட்டு அக்கா ஒரு தடவை என்று குரல் மாற வேண்டும். பெட்டி அகலமாவது அப்படித்தான். பிறகு நாம் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லலாம். ‘தாத்தா பறக்குது’ என்றால் பிள்ளைக்கு நம்மைத் திருத்துவதில் ஏக குஷி. அடுத்து அவன் முறை: அவன் சொல்ல வேண்டும், நாம் செய்ய வேண்டும். கட்டச் சொல்ல நினைத்து ‘தட்டு’ என்று அவன் சொன்னால் நாம் தட்டிவிடுவோம். கோபம் வரும். ‘தான் சொன்னது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு’ என்பது அந்த இடத்தில்தான் அவனுக்கு உறைக்கும். கடைசியாக, அவன் குரலையே போனில் பதிந்து அவனுக்குப் போட்டுக் காட்டலாம். வாய் வேலை செய்யாமல் சும்மா இருக்கும்போது காதுக்கு நிதானமாகக் கேட்க முடிகிறது. நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள், விளையாட்டு வகுப்பாகிவிடும்.

வாய்க்கும் பயிற்சி வேண்டும். நாக்கின் பின்பகுதியை எழுப்பக் கற்றுக்கொடுப்பது பழகியவர் செய்ய வேண்டிய வேலை. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரசுப் பக்கம் வழி இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறப்பு முதல் 18 வயது வரை, அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு காது கேட்பதையும் பேச்சுத் தாமதத்தையும் பார்க்க வேண்டும். அங்கன்வாடி ஆசிரியரிடம் குழு எப்போது வருகிறது என்று கேட்டுவைத்தால் போதும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் தொடங்கலாம். பள்ளியில் சேர்ந்த பிள்ளை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் கேளுங்கள். எழுத ஆரம்பித்த பிறகு ‘காக்கா’வைத் ‘தாத்தா’ என்றே எழுதுகிறான் என்றால் தாமதிக்கவே வேண்டாம், ஒலிப் பெட்டிகள் மேல்தான் எழுத்தும் உட்காருகிறது.

இந்த வருடம் ஜனவரியில் பொங்கலுக்குப் போனபோது அக்கா போனில் அவன் குரலைப் போட்டுக் காட்டினாள். “மாந்தா… மாந்தா…” அவனும் பக்கத்தில் உட்கார்ந்து கரும்பைக் கடித்துக்கொண்டே கேட்டான். முடிந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தான். “மாமா, இவன் தப்பா சொல்றான்” என்றான். “அப்போ எப்படி சொல்லணும்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். வாயைத் திறந்தான், மூடினான். அப்புறம் “நீ சொல்லு” என்றான்.